முயலும் கிருமியும்: ஓயாத போர்!

"நோய் புதிதாக வரும்போதுதான் கொடுமை. நாள் ஆக ஆகத் தானே தணிந்துவிடும்."

இப்படிச் சொல்கிறவர்கள் பலர். படித்தவர்களும் சொல்கிறார்கள். அதற்குச் சாட்சியாக ஆஸ்திரேலியா நாட்டு முயல்களைக் காட்டுகிறார்கள்.

அந்த முயல்களின் கதையை முழுவதும் கேட்டால், அவை வேறு சாட்சி சொல்லும்!

24 முயல்கள்

விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பெரிய பண்ணையார் இருந்தார். வேட்டையில் ஆசை உள்ளவர். 1859-ம் ஆண்டு இங்கிலாந்தில் இருந்து 24 முயல்கள் கப்பலில் அவருக்கு வந்து சேர்ந்தன. நாடெங்கும் பரவிய முயல்கள் பெரும்பாலும் அவற்றின் வழி வந்தவையே என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

முயல் ஒரு மாதத்தில் குட்டி போடும். ஆண்டுக்குப் பல முறை போடும். 50 ஆண்டுகளில், அந்தக் கண்டத்தின் பெரும் பகுதியில் முயல் பரவிவிட்டது. ஆடு மேயப் புல் இல்லை. பயிருக்குப் பாதுகாப்பு இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901-ல் வேலி போடத் தொடங்கினார்கள். முதல் வேலியின் நீளம் மட்டும் 1,800 கிலோ மீட்டருக்கு மேல்! 1907-ல் வேலை முடிந்தது. அதற்கு முன்பே முயல் அந்தப் பக்கம் போய்விட்டது!

கிருமி வந்தது

தென் அமெரிக்காவில் ஒரு வகைக் காட்டு முயல் உண்டு. அதன் உடலில் மிக்சோமா என்ற வைரஸ் கிருமி வாழ்கிறது. அந்த முயலுக்கு அதனால் தோலில் ஒரு கட்டி வரும். அவ்வளவுதான்.

ஆனால், ஐரோப்பிய முயலுக்கு அதே கிருமி எமன்! கண் வீங்கும். முகம் வீங்கும். இரண்டு வாரத்துக்குள் உயிர் போய்விடும்.

1950-ல் ஆஸ்திரேலிய அரசாங்க விஞ்ஞானிகள் அந்தக் கிருமியைக் காட்டு முயல்களிடையே விட்டார்கள். முதலில் நோய் பரவவில்லை. பிறகு நல்ல மழை. கொசு பெருகியது. முயலுக்கு முயல் கொசு நோயைச் சுமந்தது.

நோய் கண்ட 1,000 முயல்களில் 998 செத்தன! நாட்டில் 60 கோடி என்று மதிப்பிடப்பட்ட முயல்கள், இரண்டே ஆண்டுகளில் 10 கோடியாகக் குறைந்தன.

அதே சமயத்தில், மனிதர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. "முயல் கிருமிதான் காரணம்" என்று மக்கள் அஞ்சினார்கள். பிராங்க் பென்னர், மக்பார்லேன் பர்னெட், இயான் குளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் முயல் கிருமியைத் தங்கள் உடம்பிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மக்களின் பயம் தீர்ந்தது. மூளைக் காய்ச்சலுக்குக் காரணம் வேறு ஒரு வைரஸ்.

கொசு செய்த தேர்வு

இனி முயல் ஒழிந்தது என்று விவசாயிகள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நோய் கண்ட முயல்களில் சில பிழைக்கத் தொடங்கின.

ஏன்?

நோயுற்ற முயலின் தோலில் கொசு குத்தும்போது, அதன் ஊசி வாயில் கிருமி ஒட்டிக்கொள்கிறது. முயல் சீக்கிரம் செத்தால், கொசு கடிக்க நாள் இல்லை. கொடிய கிருமி முயலோடு மண்ணுக்குப் போகிறது. கிருமி மிகவும் சாதுவாக இருந்தாலும் பயன் இல்லை. தோலில் போதிய கிருமி இராது. கொசு வாயில் ஒட்டாது.

இரண்டுக்கும் நடுத்தரமான கிருமிதான் முயலைப் பல நாள் நோயில் கிடத்தியது. அதுவே அதிகம் பரவியது. அது இரக்கத்தால் தணியவில்லை. கிருமிக்கு இரக்கமும் கிடையாது, யோசனையும் கிடையாது.

முயலும் மாறியது. இயற்கையிலேயே சிறிது எதிர்ப்புச் சக்தி உள்ளவை தப்பின. அவை போட்ட குட்டிகளுக்கும் அந்தச் சக்தி வந்தது. பென்னர் குழுவினர், ஊரானா ஏரிப் பக்கத்து முயல்களைப் பிடித்து வந்து, ஒரே வகைக் கிருமியைக் கொடுத்துச் சோதித்தார்கள். முதலில் 100-க்கு 90 செத்தன. ஏழு முறை கொள்ளை நோய் வந்து போன பிறகு, 100-க்கு சுமார் 25 தான் செத்தன!

பிரான்சு நாட்டிலும் இதே கதைதான். 1952-ல் அர்மான் டெலில் என்ற டாக்டர், தம் தோட்டத்து முயல்களை ஒழிக்க இரண்டு முயல்களுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்து விட்டார். நோய் தோட்டத்தோடு நிற்குமா? மறு ஆண்டே கடல் கடந்து இங்கிலாந்தில் தோன்றியது! அங்கும் முயல்கள் மடிந்தன. மிஞ்சியவை மாறின. மூன்று நாட்டு முயல்களின் மரபணுவிலும் ஒரே விதமான மாறுதல்கள் நேர்ந்தன என்று 2019-ல் தெரிந்தது.

மீதிக் கதை

"பார்த்தீர்களா! நோய் தணிந்துவிட்டதே" என்பவர்கள் இங்கே கதையை நிறுத்திவிடுகிறார்கள். அது சரியல்ல.

முதலாவது, தணிந்தது என்கிற நடுத்தரக் கிருமி எவ்வளவு கொல்லும் தெரியுமா? எதிர்ப்புச் சக்தி இல்லாத 100 முயல்களில் 70 முதல் 95 வரை! இதுவா சாது?

இரண்டாவது, போர் ஓயவில்லை. முயல் வலுத்தது, கிருமியும் பதிலுக்கு வலுத்தது. பிற்காலத்துக் கிருமிகளை எதிர்ப்புச் சக்தி இல்லாத பரிசோதனை முயல்களுக்குக் கொடுத்தபோது, அவை உடலின் பாதுகாப்பையே முடக்கிக் கொன்றன. 2017-ல் இது வெளியாயிற்று.

மூன்றாவது, முயல்கள் கொடுத்த விலை. முயல் இனம் பிழைத்தது உண்மை. ஆனால், கோடிக் கணக்கான முயல்கள் செத்த பிறகே பிழைத்தது! மனிதக் குடும்பம் அந்த விலையைக் கொடுக்க முடியுமா? எந்தத் தாய் தன் பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்ப்பாள்?

விவசாயிக்கும் இதில் பாடம் உண்டு. கிருமியை விட்டால் போதும் என்று இருந்த இடங்களில் முயல் திரும்பி வந்தது. முயல் வளைகளை இயந்திரத்தால் உழுது அழித்த இடங்களில்தான் பலன் நிலைத்தது.

பென்னர் காட்டிய வழி

பெரியம்மை பல நூற்றாண்டுகள் மனிதரோடு பழகியது. தணிந்ததா? இல்லை. அதன் கொடிய வகை, கண்டவர்களில் 100-க்கு 30 பேரைக் கடைசிவரை கொன்றுகொண்டே இருந்தது. அதை ஒழித்தது காலம் அல்ல, தடுப்பு ஊசி.

1980-ல், பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார சபைக்கு அறிவித்தவர் யார்? முயல் நோயை ஆராய்ந்த அதே பிராங்க் பென்னர்!

முயலுக்குத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளத் தெரியாது. செத்துப் பிழைப்பது ஒன்றே அதற்குத் தெரிந்த வழி. மனிதனுக்கு வேறு வழி இருக்கிறது. நோய் தானே தணியும் என்று காத்திருப்பவன், கையில் உள்ள அந்த வழியை விட்டுவிட்டு, முயலின் வழியைப் பிடிக்கிறான்.