பெட்ரோலில் எரிசாராயம்: மலைக்கடைக்காரர் மொபெட்டுக்கு யார் பொறுப்பு?

பெட்ரோல் பங்க்கில் இன்று நாம் ஒரு லிட்டர் போட்டால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று துவங்கிய கலப்பு, 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதத்திற்கு 2030 என்று இருந்த கெடுவை 2025-26 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2025-லேயே எட்டியும் விட்டார்கள். அன்னியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்குப் பணம் என்று அரசு சொல்லும் காரணங்களை நான் தள்ளவில்லை. மலையடிவாரத்தில் கரும்பு போடுகிறவர்களும் நம் வாடிக்கைக்காரர்களே. (மக்காச்சோளமும் அரிசிக் குருணையும் அதே வழியில் போவது தனிக் கணக்கு. இன்னொரு இதழில் எழுதுகிறேன்.)

ஆனால் ஜவ்வாது மலையில் சில்லறைக் கடை வைத்திருப்பவர் எதில் சரக்கு ஏற்றுகிறார்? பழைய டி.வி.எஸ். மொபெட்டில்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்கிராமங்களுக்குப் பருப்பும் எண்ணெய் டின்னும் போவது அதில். சாமையும் புளியும் கடுக்காயும் வருவதும் அதில். 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரவேண்டும் என்ற ஏற்பாடு 2023 ஏப்ரலில்தான் வந்தது. நம்மவர்களிடம் ஓடுவதில் பெரும்பங்கு அதற்கு முந்தியது.

எரிசாராயம் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு மூட்டை கசிவதைப் பார்க்காத மளிகைக்காரர் உண்டா? அதே குணம்தான் இதற்கும். கொஞ்சம் தண்ணீர் வரை பெட்ரோலோடு ஒன்றாகவே இருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் சாராயமும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குளிர் கூடினால் இன்னும் குறைந்த தண்ணீரிலேயே பிரியும். மார்கழியில் மலைமேல் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தோடு இன்னொன்று: பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது, சாராயமும் தண்ணீரும் சேர்ந்தது ஓரளவு கடத்தும். ஆகவே இரண்டு வகை உலோகம் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில், அதாவது துத்தநாகக் கலவைக் கார்புரேட்டரில் பித்தளை ஜெட் உட்காரும் இடத்தில், அரிப்பு சீக்கிரம் பிடிக்கிறது. நாள்பட நின்றால் புளிப்பும் ஏறும்.

புளி கரைத்ததைப் பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும் என்றுதானே வீட்டில் ஈயம் பூசச் சொல்வார்கள்? 1975-ல் சாராயத் திட்டம் துவங்கிய பிரேசில் நாட்டில், முழுக்கச் சாராயத்திலேயே ஓடும் கார்களுக்கு டேங்கின் உள்ளே ஈயமும் கார்புரேட்டருக்கு நிக்கலும் பூசினார்கள். நம்முடைய 20 சதவீதம் அவ்வளவு கடுமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பாத்திரத்தை மாற்றினார்கள். இங்கே பழைய பாத்திரத்திலேயே புதுப் பண்டத்தை ஊற்றுகிறோம்.

என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரரின் மொபெட் சென்ற ஐப்பசியில் இரண்டு மூட்டைச் சாமையோடு ஏற்றத்தில் நின்றுவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்தால் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி, ஜெட்டில் பச்சைக் களிம்பு, ரப்பர் வாஷர் உப்பிப்போயிருந்தது. தண்ணீர் பங்க்கிலேயே சேர்ந்ததா, வண்டியில் சேர்ந்ததா, யார் சொல்வது? செலவு மட்டும் அவருடையது. அன்றைய வியாபாரமும் போயிற்று.

பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. மைலேஜ் குறைவு சொற்பமே. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை என்றார்கள். அதிகமில்லை என்பது யார் கணக்கு? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வகை இருசக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. மாதம் 30 லிட்டர் போடுகிறவருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நஷ்டம், அதாவது நூறு ரூபாய். ஒரு கிலோவுக்கு இரண்டு ரூபாய் லாபம் பார்க்கிற கடையில் அந்த நூறு ரூபாய்க்கு ஐம்பது கிலோ விற்கவேண்டும். கலப்பு பெட்ரோலின் விலை குறைவாக இருக்கவேண்டும் என்றும் அதே அறிக்கையில் உண்டு. விலை குறையவில்லை. நாம் மிளகாய்த்தூளில் எது கலந்தாலும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும், இல்லையேல் வழக்கு. பங்க்குகளில் எத்தனை சதவீதம் என்ற எழுத்தை நான் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வழி செய்யக் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே கோர்ட்டை நம்பியிருக்க முடியாது. திட்டத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பை ஒரு குழாயிலாவது கொடு, அல்லது விலையில் குறைத்துக் கொடு என்று நம் சங்கம் கேட்கவேண்டும்.

அதுவரை வண்டியை நான்கைந்து நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். டேங்கைக் காலியாக வைக்காதீர்கள். காற்று நின்றால் ஈரமும் நிற்கும். மூடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கடையில் பாட்டிலில் பெட்ரோல் வைத்து விற்பது சட்டப்படியும் கூடாது, இப்போது சரக்கும் கெடும்.

ஜெட், வாஷர், டேங்க் என்று எதை மாற்றினாலும் மெக்கானிக்கிடம் தேதி போட்டுப் பில் வாங்குங்கள். பழைய பாகத்தையும் எறியாமல் பில்லோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். இருபது, முப்பது பில் சேர்ந்தால் திருவண்ணாமலையில் ஒரு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க் கூட்டத்திற்கு நானே எடுத்துப்போகிறேன்.