வானத்துக் கண்களும் நிலாவெளியின் உரிமையும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்களில் இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை வானேற்றியது. அதே திங்களில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. துறைமுகத்தைக் கைக்கொண்டவர் கடலை ஆள்வர் என்றிருந்த காலம் தளர்ந்தது; துறைமுகத்திற் கால் பதியாமலே எமது கரையை மேலிருந்து நோக்கும் காலம் தோன்றியது. வெளியேறிய கப்பல்களை மக்கள் கண்ணாற் கண்டனர். தலைக்கு மேல் வந்த புதிய வல்லமையைக் கண்டவர் சிலரே.

இன்று நிலாவெளிக் கரையில் வலை உலர்த்தும் தொழிலாளியின் தலைக்கு மேலும், வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சும் கமக்காரரின் தலைக்கு மேலும் பல நாடுகளின் செய்மதிகள் செல்கின்றன. அவற்றுட் சீனத்தின் பங்கு பெருகி வருகின்றது. அந்நாடு தன் வானிலைச் செய்மதிகளுக்குப் ‘பெங்யுன்’ எனப் பெயரிட்டது. காற்றும் முகிலும் என்பது அச்சொல்லின் பொருள். முதற் பெங்யுன் 1988இல் ஏவப்பட்டது. 2018 யூனில் ஏவப்பட்ட பெங்யுன்-2எச், இலங்கையை அடுத்துச் செல்லும் கிழக்கு நெடுங்கோடு 79 பாகைக்கு நேர்மேலே நிறுத்தப்பட்டது. 2025 செப்டெம்பரில் பெங்யுன்-3எச் துருவப் பாதையில் ஏற்றப்பட்டது. தொடர்புத் துறையிலோ, 2012 நவம்பர் 27ஆம் நாள் ஏவப்பட்ட சைனாசாட்-12 என்னும் சீனச் செய்மதியின் ஒரு பங்கை, சுப்ரீம்சாட் என்னும் இலங்கைத் தனியார் நிறுவனம் தன் பெயரால் உலகுக்கு அறிவித்தது.

இவை செல்லும் வழியை எம்மனோர் அறிதல் இயலுமா? இயலும் என்பதே எமது விடை. மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதி பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். துருவப் பாதையிற் செல்வது ஏறத்தாழ 830 கிலோமீற்றர் உயரத்தில், 100 நிமிட அளவில் ஒரு சுற்றை முடிக்கும். புதிதாய் ஏவப்பட்ட தொடர்புச் செய்மதி முதலில் நீண்ட முட்டை வடிவப் பாதையில் விடப்பட்டுத் தன் பொறியின் விசையால் படிப்படியாக உயர்ந்து தன் இடத்தைச் சேரும். அந்நாட்களில் வானில் தெரியும் பொருள்களுள் செய்மதி எது, உந்துகணையின் வெறுங்கூடு எது என்பதே ஐயமாக இருக்கும். அந்த ஐயத்தைத் தீர்ப்பது வானொலி ஒலியே. நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்து ஒலிக்கும், விலகிச் செல்கையில் தாழும். செய்மதியின் அலையும் அவ்வாறே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரத்தோடு குறித்து, சில சுற்றுகளின் கணக்கை ஒப்பிட்டால் சுற்றுப்பாதை புலப்படும்.

இது வல்லரசுகளுக்கு மட்டுமே உரிய வித்தை அன்று. இங்கிலாந்தின் கெற்றரிங் நகர்ப் பாடசாலை ஒன்றில் ஜெப்ரி பெரி என்னும் ஆசிரியரும் அவருடைய மாணவரும் சோவியத் செய்மதிகளின் ஒலியை எளிய கருவியாற் கேட்டு வந்தனர். 1966இல், பிளெசெட்ஸ்க் என்னும் புதிய ஏவுதளத்தை அந்நாடு இரகசியமாகப் பயன்படுத்துகின்றது என்பதை அவர்கள் கணித்து வெளிப்படுத்தினர். பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலுக்கு முன் ஒரு வல்லரசின் திரை விலகியது. நிலாவெளிப் பிள்ளைகள் அவர்களிலும் அறிவிற் குறைந்தவர்களா?

சீனத்தைப் போற்றுவதோ தூற்றுவதோ எமது நோக்கமன்று. அதன் வானிலைச் செய்மதிகள் எடுக்கும் படங்கள் பிற நாடுகளுக்கும் வழங்கப்படுகின்றன, அது நன்று. அதே சீனம் 2007 சனவரியில் தன் பழைய பெங்யுன்-1சி செய்மதியை ஏவுகணையால் தகர்த்தது. அடையாளம் காணத்தக்க துண்டுகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் வான்வழியிற் சிதறின, அது தீது. நன்மை தீமை இரண்டையும் பிறர் சொல்லக் கேட்டு நம்புவதா, நாமே கணக்கிட்டு அறிவதா என்பதே கேள்வி.

சட்டம் கூறுவது யாது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, வானவெளி எந்த நாட்டின் உடைமையும் அன்று என்றது. 1976இல் நடைமுறைக்கு வந்த பதிவு உடன்படிக்கை, ஏவும் நாடு செய்மதியின் பாதை விபரங்களை ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிவிக்கவேண்டும் என்றது. 1986 டிசெம்பரில் பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள், தன் நிலத்தைப் பிறர் வானிலிருந்து நோக்கினால் அத்தரவைப் பாகுபாடின்றி, நியாயமான செலவிற் பெற அந்நாட்டுக்கு வழியிருக்கவேண்டும் என்றன. இக்கோட்பாடுகள் நாடுகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமல்ல என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் கேளாத உரிமையை எவரும் வீட்டு வாசலிற் கொண்டுவந்து தருவதில்லை.

கேட்கவேண்டிய எமது அரசு செய்தது என்ன? 1987 யூலை இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்தியாவின் நலனுக்கு ஊறு செய்யும் படைப் பயன்பாட்டுக்குத் திருகோணமலையோ பிற துறைமுகமோ வழங்கப்படமாட்டாது என்றன. வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் உளவுக்குப் பயன்படா என்றும் கூறின. 2022இல் செய்மதிகளைப் பின்தொடரும் சீனக் கப்பலான யுவான் வாங்-5 அம்பாந்தோட்டைக்கு வர முதலில் அனுமதிக்கப்பட்டது. இந்தியா கவலை தெரிவித்ததும் வருகையைத் தள்ளிவைக்கக் கோரப்பட்டது. மீண்டும் அனுமதிக்கப்பட்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் அது துறையடைந்தது. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. மத்தளத்துக்கு இரு புறமும் இடி என்பர். இரு புறமும் இடிபடும் நாடு தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தால் அல்லவா எவருக்கும் விடை சொல்லலாம்!

வாடையும் கச்சானும் அறிந்த எமது மக்களுக்கு இது வெறும் வல்லரசுப் போட்டி அன்று, உயிர்ப் பிரச்சினை. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, எமது வடகிழக்கைத் தாக்கிவிட்டே அங்கு சென்றது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு சிதைந்தது. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. டித்வாவை வானத்துக் கண்கள் காணாமலில்லை. கண்டது கரைக்கு வந்து சேர்ந்த வழியிலேதான் குறை. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. புயல் வரும் இரவில் அந்த வாசகம் உயிர் பெறாவிடில் வேறு எந்த இரவுக்காக அது எழுதப்பட்டது?

ஒரு வாசலை மட்டும் நம்பி இருத்தலும் தகாது. எளிய அலைவாங்கி கொண்டு எவரும் படம் பெறக்கூடியதாய் இருந்த அமெரிக்காவின் நோவா-15, 18, 19 ஆகிய பழைய செய்மதிகள் மூன்றும் 2025இல் ஓய்வுபெற்றுவிட்டன. சீனம், இந்தியா, யப்பான், ரஷ்யா என எத்திசையிலிருந்து படம் வந்தாலும் ஏற்று ஒப்புநோக்கும் வசதி எமது மண்ணில் வேண்டும்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். முதலாவது: நிலாவெளிக் கோணேசபுரியில் அமைந்த பல்கலைக்கழக வளாகத்தில் செய்மதிப் படங்களைப் பெறவும் சுற்றுப்பாதைகளைக் கணிக்கவும் ஒரு நிலையம் நிறுவப்படவேண்டும், குச்சவெளி முதல் மூதூர் வரையுள்ள பாடசாலைகள் அதனோடு இணையவேண்டும். இரண்டாவது: புயல், வெள்ள எச்சரிக்கை எதுவாயினும் சிங்களத்தில் வெளிவரும் அதே நிமிடத்திற் தமிழிலும் வெளிவரவேண்டும். மூன்றாவது: செய்மதி, பின்தொடர் கப்பல், ஆய்வுக் கப்பல் பற்றி எந்நாட்டோடு செய்யப்படும் உடன்பாடும் பாராளுமன்றத்தில் வைக்கப்படவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையில் உள்ளது. பாதுகாப்பு என்று சொல்லிச் சில கதவுகள் அடைக்கப்படலாம். தட்டாமலே அடைபட்டது என்று நாம் திரும்பலாகாது.

சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! விண்ணப்பம் எழுதும் பேனா உங்களிடம் உண்டு. கமக்காரப் பெருமக்களே, கடற்றொழிலாளத் தோழர்களே! எந்த அறிவித்தல் எந்த நாளில், எந்த மொழியில் வந்தது என்பதை உங்கள் சங்கங்கள் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடே நாளை எமது சான்று. எமது நிலத்தை எவர் நோக்குகின்றனர் என்பதை அறிவதும், அவர் கண்டதை எமது மொழியிற் பெறுவதும் தன்னாட்சியின் ஓர் உறுப்பு. அடுத்த வாடைக்காற்று எழுமுன் அதனை நாம் கேட்டுப் பெறுவோம்!