ஒரு துணைவினையின் விலை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் என்னும் பெயரால் நிகழும் வீண்வேலைகளுள் தலையாயது, துணைவினைகளைக் கற்பிக்கும் முறையாகும். கேன், குட், மே, மைட், சேல், சுட், வில், உட், மசுட்டு எனக் கரும்பலகையில் ஒரு நெட்டைப் பட்டியல் எழுதப்படுகின்றது. 'எபிலிட்டி', 'பெர்மிசன்', 'ஆப்ளிகேசன்' என ஆங்கிலத்திலேயே அவற்றுக்குப் பொருள் கூறப்படுகின்றது. புரியாத சொல்லுக்குப் புரியாத சொல்லே உரை! பூட்டைத் திறக்கச் சாவி கேட்டவனுக்கு மற்றொரு பூட்டைக் கையில் கொடுக்கும் கல்வி இது. மாணவன் பட்டியலை நெட்டுருச் செய்கின்றான், கோடிட்ட இடத்தை நிரப்புகின்றான், மதிப்பெண்ணும் பெறுகின்றான். ஆனால் ஓர் அலுவலகத்திற்கு நான்கு வரி மடல் எழுத நேர்ந்தால் நடுநடுங்குகின்றான்.

இஃது ஒரு சிறு இலக்கணச் செய்திதானே எனத் தள்ளிவிட இயலுமா? ஒரு துணைவினை ஓர் இனத்தின் தலையெழுத்தையே மாற்ற வல்லது என்பதற்குத் தமிழர் வரலாறே சான்று. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், 1965 சனவரி 26க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்வதைப் பற்றிக் கூறுகையில் 'சேல்' என்று எழுதவில்லை. 'மே' என்றே எழுதியது. 'தொடர்தல் வேண்டும்' என்பது வேறு. 'தொடரலாம்' என்பது வேறு. தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம்! அவ்விடத்தில் 'மே' என்பதற்குச் 'சேல்' என்றே பொருள் என நேருவின் அரசு அமைதி கூறியது. அவ்வாறாயின் 'சேல்' என்றே எழுதிவிட்டால் என்ன என்று எதிர்த்தோர் வினவினர். அவ்வினாவுக்கு நேரிய விடை வரவில்லை. ஆங்கிலத்தின்மீது கொண்ட காதலால் எழுந்த வினா அன்று அது. இந்தித் திணிப்புக்கு எதிரான அரணில் விடப்பட்ட ஓட்டையைக் கண்டோர் எழுப்பிய வினா.

1964இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியும், 1965இல் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தம் உடலைத் தீக்கு ஈந்தனர். மாணவர் கிளர்ந்தெழுந்தனர், துமுக்கிக் குண்டுகளுக்குத் தமிழர் பலர் இரையாயினர். அதன் பின்னரே 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றும்வரை ஆங்கிலப் பயன்பாடு நீங்காது என்னும் காப்பு அதில் இடம்பெற்றது. 'லாம்' எனும் ஈற்றுக்கும் 'வேண்டும்' எனும் சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதைத் தமிழர் உணர்ந்த வரலாறு இது. அவ்வரலாற்றின் வழித்தோன்றல்களுக்குத்தான் இன்று 'மே', 'சேல்' வேறுபாடு வெறும் பட்டியலாகப் புகட்டப்படுகின்றது!

இவ்வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. தாய்ப்பாலோடு அதனைப் பருகியே அது பள்ளிக்கு வருகின்றது. 'அவன் நாளை வரலாம்' என்னும் தொடர் இசைவையும் குறிக்கும். வரக்கூடும் என்னும் ஐயத்தையும் குறிக்கும். ஆங்கில 'மே'யும் அவ்வாறே இருபொருள் தரும். 'அவள் வீட்டில் இருக்க வேண்டும்' என்பது கட்டளையாகவும் அமையும், உய்த்துணர்வாகவும் அமையும். 'மசுட்டு' என்பதும் அதுவே. 'நீடு வாழ்க' என்னும் வியங்கோளை ஆங்கிலன் 'மே'யை முன்னிட்டே கூறுகின்றான். இத்துணை ஒற்றுமை கண்முன் கிடக்க, அதனை எடுத்துக்காட்டாத ஆசிரியன் விளக்கை மூடி வைத்துவிட்டு இருட்டில் வழி சொல்பவன் அல்லனோ?

வேற்றுமை உள்ள இடத்திலும் தமிழே காவல். 'மசுட்டு' என்றால் 'வேண்டும்' என்று மட்டும் நெட்டுருச் செய்தவன், அதனோடு 'நாட்' சேர்ந்தால் 'வேண்டியதில்லை' என்றே எண்ணுவான். உண்மையில் அதன் பொருள் 'கூடாது' என்பது. 'வேண்டியதில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'நீட் நாட்' என்பதே சொல். மருந்துப் புட்டியின் மேல் 'உண்ணக் கூடாது' என எழுதியிருப்பதை 'உண்ண வேண்டியதில்லை' எனப் படித்தால் உயிருக்கே கேடு! கூடாது, வேண்டியதில்லை என்னும் இரு தமிழ்ச் சொற்களை அருகருகே வைத்துக் காட்டினால், ஒரே நாளில் தீரும் குழப்பம் இது.

'கேன்' என்பதற்குக் 'குட்' பணிவானது என்பதும் தமிழனுக்கு வியப்பில்லை. இழிந்தோன் ஈ எனவும், ஒப்போன் தா எனவும், உயர்ந்தோன் கொடு எனவும் இரக்கும் முறையைத் தொல்காப்பியர் அன்றே வகுத்துரைத்தார். 'கேன்' என்பது படர்க்கை ஒருமையிலும் 'எசு' ஈறு பெறாதது ஏன் என்று மாணவன் கேட்டால், 'அது விதி' என அதட்டி அமர்த்துகின்றனர். அவ்வினைகளுள் பெரும்பாலானவை பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவில் நின்று நிகழ்காலப் பொருள் தந்தவை; இறந்தகால வடிவுக்கு அவ்வீறு இல்லை. தமிழிலும் வேண்டும், கூடும், தகும் என்பன நானென்றும் நீயென்றும் அவளென்றும் பாராமல் ஒரே வடிவில் நிற்கின்றன. வியங்கோள் இடந்தோறும் பால்தோறும் செல்லும் என நன்னூல் நவிலும். இவ்விலக்கணம் அறிந்தவனுக்கு அவ்விலக்கணம் அயலன்று.

'ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே கற்பிக்க வேண்டும்' என்பார் உளர். 1961இல் உகாண்டா நாட்டு மக்கெரேரேயில் கூடிய ஆங்கிலக் கல்வி மாநாட்டின் வழி வலுப்பெற்ற கொள்கை அது. அதனைப் பொய்க்கொள்கை என 1992இல் தம் நூலில் தோலுரித்துக் காட்டியவர் இராபர்ட் பிலிப்சன் என்னும் ஆங்கிலேயரே! தமிழ் கற்க வந்த மேலையர் என்ன செய்தனர்? வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். போப்பையர் தம் தமிழ்க் கைந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அவரவர் தத்தம் மொழியில் ஊன்றி நின்றே தமிழைத் தொட்டனர். தமிழன் மட்டும் தன் மொழியை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டுமாம்!

2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. விளைவு யாது? ஆங்கிலம் வரவில்லை, தமிழ் போகின்றது. 'வரக்கூடும்' என்ற அழகிய சொல் இருந்த நாவில் 'மேபி வருவான்' என்னும் கலப்படம் குடியேறிவிட்டது. பிறமொழியைக் கடன் வாங்கியும் பயனின்றிக் கைம்முதலையும் தொலைத்த வணிகன் நிலை இது.

ஆங்கிலம் கற்பது குற்றமன்று. தமிழை விற்றுக் கற்பதே குற்றம். பள்ளிதோறும் ஆங்கில இலக்கணம் தமிழில் விளக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு துணைவினைக்கும் எதிரே அதன் தமிழ் நிகரும், பிறழும் இடமும் பாடநூலில் அச்சேறல் வேண்டும். அதனை விளக்க வல்ல தமிழறிவு ஆங்கில ஆசிரியர்க்கும் கட்டாயமாதல் வேண்டும். இவை 'செய்யலாம்' என்று எழுதி ஒதுக்கத்தக்கன அல்ல. 'செய்தல் வேண்டும்' என்று எழுதத்தக்கன. ஈரீறுகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழன் குருதி கொடுத்துக் கற்றுள்ளான், மறவாதிருக்க!