காலடியில் ஒரு பிடி நிலம்

சிற்றுருவப் படைவீரர்களுக்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "நாற்பதைத் தாண்டியுமா பொம்மை?" என்று கேட்டார் நண்பர். கேலிதான், ஆயினும் அதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்று சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் மனிதனின் கண்ணில் கருவிழியை வைப்பதற்காக ஒரு முழு இரவைச் செலவிடுகிறவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஏராளம். இலக்கியம் வாசிப்பவர்களாகிய நாம் இவர்களை இரண்டே சொற்களில் ஒதுக்கிவிடுகிறோம்: ஒன்று குழந்தைத்தனம், மற்றது போர்வெறி. இரண்டுமே பிழை என்பது என் கட்சி. அவர்கள்மேல் எனக்கு வேறொரு குறை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆறடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒரு மேசைதான் போர்க்களம். அதன்மேல் குன்று, வேலி, இடிந்த வீடு. இருபுறமும் இருவர், தத்தம் படைகளுடன். அளவுநாடாவால் அளந்து வீரர்களை நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா, பட்டவன் பிழைத்தானா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இறந்ததாகக் கொள்ளப்படும் உருவம் மேசையிலிருந்து அகற்றப்படும். நெப்போலியன் காலத்துப் படைகளை வைத்து ஆடுகிறவர்கள் உண்டு; 1983இல் பிரிட்டனில் வெளியான வார்ஹாம்மர் போன்ற கற்பனை உலகப் போர்களை ஆடுகிறவர்களும் உண்டு. உருவங்கள் பெரும்பாலும் வண்ணமின்றி, துண்டு துண்டாகவே விற்கப்படுகின்றன. ஒட்டி, தீட்டி, பீடத்தில் நிறுத்துவது வாங்கியவர் பொறுப்பு. ஒரு மாலைப்பொழுதின் ஆட்டத்துக்குப் பல மாத உழைப்பு.

போரைக் கற்க விரும்பியவர்களுக்கு இந்த வண்ணம் தேவைப்பட்டதேயில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 1812இல் ரைஸ்விட்ஸ் பிரபு என்பவர் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்காக ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து அளித்தார். 1824இல் அவருடைய மகன் அதைத் திருத்தி, நிலவரைபடத்தின்மேல் ஆடும் முறையாக வெளியிட்டார். பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க அதை எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் படைகள் என்பவை சிவப்பும் நீலமுமான சிறு உலோகக் கட்டைகள். கட்டைக்கு முகமில்லை, இருக்கவும் கூடாது. ஒரு பட்டாலியனை நகர்த்தக் கற்பவனுக்கு முகம் ஓர் இடைஞ்சல். ஆகவே முகம் தீட்டுகிறவன் செய்வது போர்க்கலைக்கு வேண்டாத வேலை. அந்த வேண்டாத வேலையைத்தான் நான் ஆதரிக்கிறேன்.

வேலை இப்படி நடக்கிறது. வார்ப்பு அச்சு விட்டுச்சென்ற தழும்பைக் கத்தியால் சுரண்டிவிட்டு, கறுப்பு அல்லது வெள்ளை பிரைமர் அடிப்பார்கள். அதன்மேல் நீர்விட்டு இளக்கிய அக்ரிலிக் வண்ணத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவார்கள். பிறகு மை போல் நீர்த்த கருநிறத்தை வழியவிட்டால், அது சட்டை மடிப்பிலும் விரலிடுக்கிலும் போய்த் தங்கி நிழலாகும். ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளை வருடினால் அங்கே வெளிச்சம் தோன்றும். இத்தனைக்கும் காரணம் உண்டு. 28 மில்லிமீட்டர் உருவத்தின் மூக்கு இயல்பாக விழுத்தும் நிழல் நம் கண்ணுக்கு எட்டாது. எனவே ஒளியையும் நிழலையும் தீட்டித்தான் காட்ட வேண்டும். நிழலை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, அந்த முகத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை.

பழைய மாணவர் ஒருவர் கொடுத்த, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை வீரன் ஒருவனை நானும் நான்கு இரவுகள் தீட்டிப் பார்த்தேன். நீலக் கோட்டு, மார்பில் வெள்ளைக் குறுக்குவார்கள், முதுகில் தோல்பை. மூன்றாம் இரவில், அந்தத் தோல்பையின்மேல் சுருட்டிக் கட்டியிருந்த மேலங்கிக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தபோது, இவன் இரவில் இதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கியிருப்பான் என்பது உறைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் புறப்பாடல்களை நடத்துகிறவனுக்கு இது உறைக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு வேண்டியிருந்தது என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன். முந்நூறு பேர் வீழ்ந்தனர் என்று வாசிக்கையில் கண் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறது. முந்நூறு மேலங்கிகளைத் தீட்டியவனால் அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது என்றே எனக்குப் படுகிறது.

இதனால் போர் ஒழிந்துவிடும் என்று சொல்லவரவில்லை. ஏறக்குறைய அப்படி நம்பியவர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளியான 'லிட்டில் வார்ஸ்' நூலில், ஈயப் பொம்மைகளையும் மரத்துண்டை எறியும் விளையாட்டுப் பீரங்கியையும் கொண்டு ஆடும் போருக்கு அவர் விதிகள் வகுத்தார். நிஜப் போரைவிட இந்தச் சிறுபோர் எவ்வளவோ மேல், போராசை கொண்டவர்கள் இதை ஆடித் தணிந்துகொள்ளட்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே ஐரோப்பா பற்றியெரிந்தது. அதே வெல்ஸ் 1914இல், இது போருக்கே முடிவுகட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார். பொம்மைகள் உலகைத் திருத்துவதில்லை. ஆனால் 1962இல் 'வார் கேம்ஸ்' என்ற நூலை எழுதி இந்த ஆட்டத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றியவர். நிஜத்தைப் பார்த்துவிட்டு வந்தவரும் ஆடினார் என்பது, போர்வெறி என்ற குற்றச்சாட்டைச் சற்றே நிறுத்திவைக்கப் போதுமானது.

இனி பீடத்துக்கு வருவோம். உருவம் நிற்கும் சிறு வட்டு அது. வார்ஹாம்மர் காலாட்கள் பலருக்கு 25 அல்லது 32 மில்லிமீட்டர் அகலம். அதில் வெள்ளைப் பசை தடவி, மணல் தூவி, காய்ந்தபின் பழுப்பு தீட்டி, செயற்கை இழைப் புல்லை ஒட்டுவார்கள். பிர்ச் மரத்தின் விதைக்கதிரை உதிர்த்தால், உதிர்ந்த இலைகள் கிடைத்துவிடும். வரலாற்றுப் போர்களை ஆடுகிறவர்களிடம் பீடம் விதியாகவும் இருக்கிறது. 1990இல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்' விதிகளின்படி 15 மில்லிமீட்டர் உருவங்களுக்குப் பீடத்தின் முகப்பு 40 மில்லிமீட்டர். அதன்மேல் நால்வர் நின்றால் நெருங்கி அணிவகுத்த படை; இருவர் நின்றால் சிதறி நின்று எறியும் படை. அங்கே ஆள் தனியாக வீழ்வதில்லை. பீடமே மொத்தமாக வீழ்கிறது.

நிலத்தை இவ்வளவு பொருட்படுத்துவது வீணா? வில்லியம் சைபோர்னின் கதை எனக்கு விடையாகப்படுகிறது. வாட்டர்லூ போர் நடந்து 15 ஆண்டுகள் கழித்து, 1830இல், அக்களத்தின் மாதிரியுரு ஒன்றைச் செய்யும் பணி இந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. போரின் நடுவே சிக்கிய லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி அவர் நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் உங்கள் படை எங்கே நின்றது என்று கேட்டார். கூடவே, அந்த வயலில் என்ன பயிர் நின்றது என்றும் கேட்டார். அரசு நிதியை நிறுத்திவிட, கடன்பட்டு வேலையை முடித்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றுருக்களோடு 1838இல் லண்டனில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யப் படையை அவர் எங்கே நிறுத்தினார் என்பது, வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பூசலாக மாறியது தனிக்கதை.

என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பயிர் பற்றிய கேள்விதான். சைபோர்னின் நோக்கம் துல்லியம். உயர்ந்து நின்ற பயிர் படைகளை மறைத்தது, எனவே கேட்டார். ஆனால் கேட்ட அக்கணத்தில், தளபதிகளின் வரலாற்றுக்குள் ஓர் உழவன் நுழைந்துவிடுகிறான். 1815 ஜூன் 18 அன்று அங்கே ஆளுயரத்துக்கு ரை பயிர் நின்றது. யாரோ விதைத்தது. நம் புறத்திணை இலக்கணமும் இதை மறக்கவில்லை. மண்ணாசையால் படையெடுப்பதை வஞ்சி என்று வகுத்தவர்கள், பகைநாட்டை எரியூட்டுவதை அதனுள் ஒரு துறையாகவே வைத்தார்கள். பாடியவர்கள் அரசனைப் புகழவே பாடியிருக்கலாம். ஆனால் எரிந்த ஊரும் அழிந்த வயலும் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன. நிலத்தைச் சொல்லாமல் போரைச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

இங்கேதான் என் குறை. 2020இல் வார்ஹாம்மர் 40,000 ஆட்டத்தின் ஒன்பதாம் பதிப்பு ஒரு விதியைக் கொண்டுவந்தது: படை முழுவதும் தீட்டப்பட்டு, பீடமும் முடிக்கப்பட்டிருந்தால் நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு அகமதிப்பெண் தருகிற கதைதான் இது. மாணவர் வந்து உட்கார்ந்திருப்பார்; பாடத்தில் இருக்கமாட்டார். புள்ளிக்காகத் தீட்டும் கை மூன்று நிறத்தோடு நின்றுவிடும். பீடத்தில் கடையில் விற்கும் மண்பசையை அப்பிவிட்டு எழுந்துவிடும். இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது மண்டையோடுகள். பீடங்களை அலங்கரிக்கவென்றே 340 பிளாஸ்டிக் மண்டையோடுகள் கொண்ட ஒரு பெட்டியை வார்ஹாம்மர் நிறுவனம் 2017இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புல் தூவுவது போல் அவற்றையும் தூவுகிறார்கள். அது கற்பனை உலகம், அதன் இருண்ட சுவையே அதுதான் என்று பதில் சொல்வார்கள். இருக்கட்டும். மேலே நிற்பவனின் கண்ணிமைக்கு ஓர் இரவைக் கொடுத்தவர், காலடியில் கிடப்பவன் யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கக்கூடாதா? முகத்துக்குக் கொடுத்த கவனத்தை மண்ணுக்குக் கொடுக்காதபோது, பீடம் மறுபடியும் ரைஸ்விட்ஸின் கட்டையாகிவிடுகிறது.

என் பிரெஞ்சு வீரனின் பீடத்தில் நான் புல் ஒட்டவில்லை. தேங்காய் நாரை நறுக்கி, வைக்கோல் நிறம் பூசி, மிதிபட்டுச் சாய்ந்த தாள்களாக ஒட்டினேன். கைப்பழக்கம் போதாது, அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை. பொம்மையா என்று கேலி செய்த நண்பர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இவன் என்ன, வயலிலா நிற்கிறான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.