சுமையும் உறவும்

“முதுமையில் பெற்றோரைத் தாங்க வேண்டியது பிள்ளையின் கையே, எந்திரத்தின் கை அன்று” என்பார் பலர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், படுத்த படுக்கையாகிவிட்ட என் பாட்டியை நாள்தோறும் பலமுறை தூக்கி உட்கார வைக்கும் அம்மா, இடுப்பு வலியால் நிமிர முடியாமல் நின்றதைக் காணும்வரை!

முதியோர் பெருகி, பராமரிக்கும் கைகள் போதாத நாடு ஜப்பான். அங்கே ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் ‘ரோபேர்’ என்னும் சோதனை எந்திரத்தை உருவாக்கியது. கரடி முகம், 140 கிலோ எடை. படுத்திருப்பவரை இரு கைகளால் ஏந்திச் சக்கர நாற்காலியில் அமர்த்தக்கூடியது. இதை நான் கைகூப்பி வரவேற்கிறேன்.

அதே நாட்டில் ‘பாரோ’ என்றொரு எந்திரக் கடல்நாய்க்குட்டியும் உண்டு. தடவிக் கொடுத்தால் குரல் கொடுக்கும், முதியோர்க்குத் துணையாம்! அது மனத்தை அமைதிப்படுத்தலாம், மறுக்கவில்லை. ஆனால், கல்லூரியிலிருந்து நான் திரும்பியதும், “சாப்பிட்டியா கண்ணு?” என்று பாட்டி கேட்கிறாரே, அதற்கு விடை சொல்ல நானல்லவா வேண்டும்?

நண்பர்களே, சுமையை எந்திரம் தூக்கட்டும். மிஞ்சும் நேரத்தில் நாம் அருகே அமர்வோம். அமர மறந்தால், குற்றம் எந்திரத்தினுடையதன்று, நம்முடையதே!