முதல் பிழையோடு கோப்பை மூடாதீர்கள்

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் மென்பொருள் எழுதுகிறவர்களும் கணினி கற்பிக்கிறவர்களும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. எங்கள் நிலைப்பாடு: ஒரு நிரல் தோற்றால், முதலில் அகப்பட்ட பிழையையே காரணம் என்று எழுதி விசாரணையை முடிக்கக் கூடாது.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதியது. அன்று இஸ்ரோ தலைவர் சரக்கல்விளைக்காரரான கே. சிவன். மோதலை ஆராய்ந்த தேசிய நிபுணர் குழுவின் தலைவர் மேலக்காட்டுவிளை வி. நாராயணன். இருவரும் குமரி மாவட்டத்துக்காரர்கள் என்பதால், இந்த மோதலைப் பற்றிப் பேச நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

நடந்ததை 2023இல் அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் விளக்கினார். வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. சேர்ந்துபோன பிசகுகளைச் சரிக்கட்டக் கலம் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. அத்தனை வேகத்தில் திரும்ப மென்பொருளில் வைத்திருந்த வரம்பு இடம் தரவில்லை. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இதில் எது காரணம்? உந்துவிசையை மட்டும் திருத்தியிருந்தால் அந்த வரம்பு இன்னொரு நாளுக்காக உள்ளேயே காத்திருக்கும். சந்திரயான்-3இல் நடு இன்ஜினை எடுத்தார்கள், மென்பொருளைத் திருத்தினார்கள், இறங்கும் பரப்பை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியது.

இது புதிதல்ல. 1993 செப்டம்பர் 20இல் முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் விழுந்ததிலும், நிலைகள் பிரியும்போது ஏற்பட்ட குலைவோடு கட்டுப்பாட்டு மென்பொருளின் பிழையும் சேர்ந்திருந்தது.

பல பிழைகள் சேர்ந்துவரும் இந்தச் சிக்கல் பிழை தேடும் கருவிகளுக்கும் உண்டு. தோற்கும் டெஸ்ட்களில் அதிகமாகவும் தேறும் டெஸ்ட்களில் குறைவாகவும் ஓடிய வரியைச் சிவப்பாகக் காட்டுவது டரான்டுலா போன்ற முறைகளின் வழி. பிழை ஒன்றே என்றால் நன்றாக வேலை செய்யும். இரண்டு இருந்தால், ஒன்றால் தோற்ற டெஸ்ட்கள் மற்றதன் வரியைத் தொடாமலே போகலாம். இரண்டின் சிவப்பும் மங்கும். சிலசமயம் முதல் பிழையிலேயே நிரல் நின்றுவிட, இரண்டாவதன் வரி ஓடவே ஓடாது.

அதனால் தோற்ற டெஸ்ட்களை முதலில் அவை ஓடிய பாதையை வைத்துக் குழுக்களாகப் பிரியுங்கள்; குழுவுக்குக் குழு தனியாகத் தேடுங்கள். ஒன்றைத் திருத்தியதும் எல்லா டெஸ்ட்களையும் மறுபடி ஓட்டுங்கள். தோற்ற ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் எங்களுக்குள்ளும் இருக்கிறது.

மாவட்டக் கல்லூரிகள் ஆய்வகத் தேர்வில், ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு மூன்று பிழைகள் உள்ள நிரலைக் கொடுக்க வேண்டும். மென்பொருள் வாங்கும் உள்ளாட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும், திருத்தத்துக்குப் பிறகும் தோற்கும் டெஸ்ட்களின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். நாளைக்கே ரிலீஸ் என்று மேலாளர் நின்றால், ரிலீஸ் போகட்டும். அந்தப் பட்டியலும் கூடவே போக வேண்டும்.