வாளித் தண்ணிக்கு யார் பொறுப்பு?

மடுத் திருவிழாவோ திருக்கேதீச்சரச் சிவராத்திரியோ, சனம் கூடுற இடத்தில் வெட்டின வத்தகப்பழமும் பப்பாசியும் இருக்கும். வயித்தால போனால் பழி முழுக்க வியாபாரிக்கு. நாங்கள் இதை ஏற்கவில்லை.

தோலில் இருக்கிற சல்மொனெல்லா கத்தியோடு உள்ளே இறங்கும். புளிப்புக் குறைந்த இந்தப் பழங்களில், குளிரில் வைக்காவிட்டால், மணித்தியாலக் கணக்கில் பெருகும். 2011இல் அமெரிக்காவில் முலாம்பழத்தால் பரவிய லிஸ்டீரியா 33 பேரைக் கொன்றது. கிருமி இருந்தது தெருக்கடையில் இல்லை, பழத்தைக் கழுவிப் பொதிசெய்த இடத்தில்.

இங்கே ஒரே வாளித் தண்ணியில்தான் கையும் கத்தியும் பழமும். வியாபாரிக்குப் பொறுப்பே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தில் வழக்குப் போடலாம், தண்ணி வராது. இடத்துக்குக் காசு வாங்குறவை முதலில் பைப்பும் ஐஸும் தரட்டும். பிறகு பரிசோதகரை அனுப்பட்டும்.